அதே சூரியன், ஏன் இத்தனை கூட்டம்?

கன்னியாகுமரியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே கடற்கரை நிரம்பிவிடும். தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும் பிள்ளையைத் தோளில் போட்ட அப்பாக்கள், சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துப் போர்த்திய பாட்டிகள், டீ கேனோடு சைக்கிள்காரர்கள், சீசனில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள். கடல் விளிம்பில் ஒரு கீற்று எட்டிப்பார்த்ததும் மொத்தக் கூட்டமும் 'ஓ' என்று குரல் கொடுக்கும். மேகம் மறைத்துவிட்டால் முகம் வாடித் திரும்பும்.

இதே சூரியன்தான் இவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் தினமும் உதிக்கிறது. அங்கே எழுந்து பார்க்க ஆளில்லை.

கரையில் நடப்பது என்னவென்று பார்த்தால் இந்தப் புதிர் இன்னும் கூடும். சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி நம் கண்ணைச் சேர 8 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகிறது. காற்று மண்டலம் அந்த ஒளியை வளைத்துவிடுவதால், சூரியன் முழு வட்டமாகக் கடலைத் தொட்டபடி தெரியும் கணத்தில் அது உண்மையில் தொடுவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. முதல் கீற்று தொடங்கி முழு வட்டமும் வெளிவர 2 நிமிடத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். நாம் நிற்கும் தரை மணிக்கு ஏறத்தாழ 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்வதைத்தான் சூரியன் எழுவதாகப் பார்க்கிறோம். வேகத்தில் சிறு வித்தியாசம் தவிர, திண்டிவனத்து மொட்டைமாடியிலும் இதெல்லாம் அப்படியே நடக்கிறது. பிறகு ஏன் ரயிலேறிப் போனால்தான் வியப்பு வருகிறது?

பழகினால் அணையும் விளக்கு

ரஷ்ய உளவியலாளர் யெவ்கெனி சோகோலோவ் கடந்த நூற்றாண்டின் நடுவில் செய்த சோதனைகள் எளிமையானவை. ஒருவருக்கு ஒரு ஒலியைக் கேட்க வைப்பார். உடனே உடம்பு விழித்துக்கொள்ளும்: கவனம் திரும்பும், தோலின் மின்கடத்தல் மாறும். அதே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் இந்த எதிர்வினை தேய்ந்து மறையும். ஒலியைக் கொஞ்சம் மாற்றினால் போதும், மறுபடி விழிப்பு வந்துவிடும். ஆக, மூளை கேட்பதை நிறுத்தவில்லை. 'இது தெரிந்ததுதான்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

இது நரம்புச் செல் அளவிலேயே நடப்பதைக் காட்டியவர் எரிக் காண்டல். அப்லிசியா என்ற கடல்வாழ் நத்தையின் உடலில் லேசாகத் தொட்டால் அது செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தீங்கில்லாத அதே தொடுதல் தொடர்ந்தால் இழுப்பு குறையும். காரணம், நரம்புச் செல் அடுத்த செல்லுக்கு விடும் வேதிப்பொருளின் அளவே குறைந்துபோகிறது. நினைவும் கற்றலும் நரம்பில் எப்படிப் பதிகின்றன என்ற ஆய்வுக்காக 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

இந்தச் சிக்கனம் இல்லாமல் வாழ முடியாது. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர் ஒவ்வொரு ரயிலுக்கும் திடுக்கிட்டால் அவருக்குத் தூக்கம் ஏது? ஆனால் ஆபத்தில்லாத இரைச்சலை ஒதுக்கும் அதே ஏற்பாடு விடியலையும், வேப்பம்பூ வாசத்தையும், உடனிருக்கும் மனிதரையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறது.

பயணம் இதற்கு மருந்து என்று நினைக்கிறோம். பாதி உண்மைதான். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுற்றுலா போகவிருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள், அதுவும் கிளம்புவதற்கு முன்னால். திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியாக ஓய்வெடுத்தவர்களைத் தவிர, இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதுமை தந்த விழிப்பு பெட்டியைப் பிரிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

வியப்பு பிறக்கும் நான்கு இடங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைத் தருகிறார்: இதுவரை காணாத புதுமை, அளவு கடந்த பெருமை, நுணுகிய சிறுமை, ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கம். அவர் எழுதியது செய்யுளுக்கான இலக்கணம். அதை ஆய்வகத்து முடிவாகக் காட்டத் தேவையில்லை. ஆனால் மனிதரைக் கூர்ந்து பார்த்த ஒருவரின் பட்டியல் அது.

2003-இல் அமெரிக்க உளவியலாளர்கள் டேக்கர் கெல்ட்னரும் ஜோனதன் ஹைட்டும் பிரமிப்பு குறித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்ன அடையாளங்கள் இரண்டு: நம்மைவிட மிகப் பெரிய ஒன்றை எதிர்கொள்வது; நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் சட்டகத்தில் அது அடங்காததால் அந்தச் சட்டகத்தையே திருத்த நேர்வது.

இந்த இரண்டு பட்டியல்களிலிருந்தும் ஒன்று தெரிகிறது. நாம் பயணத்திடம் கேட்பது பெரும்பாலும் புதுமையை மட்டும். பழகப் பழகத் தேய்வதும் அதுதான். மற்ற மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன, தேயாமல். ஆனால் அவை தாமாக முன்வந்து நிற்பதில்லை; கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் கண்ணில் படும். வியப்பைக் கொல்வது அறிவு என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. கொல்வது பழக்கம். பழக்கம் மூடியதைத் திறக்க அறிவைவிட நல்ல சாவி கிடையாது.

பெருமை: ஒவ்வொரு பௌர்ணமியும்

பெரியதைப் பார்த்தால் மனிதர் என்ன ஆகிறார்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வானுயர்ந்த யூகலிப்டஸ் தோப்பு ஒன்று உண்டு. பால் பிஃப் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் சிலரை ஒரு நிமிடம் அந்த மரங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஆய்வாளர் கைதவறியது போலப் பேனாக்களைக் கீழே சிதறவிட்டார். மரத்தைப் பார்த்தவர்களே அதிகப் பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினர் யோசெமிட்டி மலைப் பள்ளத்தாக்கில் நின்ற பயணிகளிடம் தங்களையே படமாக வரையச் சொன்னபோது, சான்ஃபிரான்சிஸ்கோ நகரத் துறைமுகத்தில் வரைந்தவர்களைவிட அவர்கள் தங்களைச் சிறியதாக வரைந்தார்கள்.

இதற்குப் பள்ளத்தாக்குதான் வேண்டுமென்பதில்லை. வர்ஜீனியா ஸ்டர்ம் குழுவினர் 52 முதியவர்களை 8 வாரங்கள், வாரத்துக்கு 15 நிமிடம் நடக்க வைத்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும், போகிற வழியில் வியக்கத்தக்கதைத் தேடிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாரும் நடக்கும்போது செல்ஃபி எடுக்க வேண்டும். வாரங்கள் போகப் போக, வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்கள் உருவம் சிறுத்து, பின்னணி விரிந்தது, சிரிப்பும் அகன்றது. அன்றாடத்தில் அவர்கள் உணர்ந்த கனிவும் நன்றியுணர்வும் கூடியிருந்தன. 2020-இல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் செலவில்லாமல் யாரும் செய்து பார்க்கலாம்.

நம்மிடம் மொட்டைமாடி இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதைக் காணப் பெருங்கூட்டம் சேரும். அந்த ஊரின் சிறப்பு, இரு பக்கமும் கடல் திறந்திருப்பது. மற்றபடி அந்தக் காட்சி எல்லா ஊருக்கும் பொது. பௌர்ணமி என்றாலே சூரியனுக்கு நேர் எதிரே நிலா நிற்கிறது என்று பொருள். ஆகவே எந்த ஊரிலும், எந்த மாதத்திலும், பௌர்ணமியன்று ஏறத்தாழச் சூரியன் மறையும் நேரத்தில்தான் நிலா எழும். மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதமாகும். அந்த வேளையில் மாடியில் நின்றால், ஒரு கை சூரியனையும் மறு கை நிலாவையும் சுட்ட, நடுவில் பூமி என்ற பந்தின் மேல் நிற்கிறோம் என்பது உடம்புக்கே தெரியும்.

அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவதையும் சோதித்துப் பார்க்கலாம். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். விரல் நிலாவை முழுதாக மறைத்துவிடும். நள்ளிரவில் உச்சியில் 'சிறுத்த' நிலாவையும் அதே விரலால் அளந்தால் வித்தியாசம் இருக்காது. பெரிதாக்கியது நம் மூளை.

சிறுமையும் ஆக்கமும்: அடுக்களைக் குண்டான்

இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை. நாம் அதில் ஈஸ்ட் போடவில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்த பாக்டீரியாக்கள்தான் வேலைக்காரர்கள். அவற்றில் முக்கியமானது லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உயிர். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. கெட்டுப்போக வைக்கும் பல கிருமிகளை அண்டவும் விடுவதில்லை. வாயுவோ குமிழாகிறது. அந்தக் குமிழ்களை ஓடவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவது இதனால்தான்.

குளிர் அதிகமானால் இந்த உயிர்கள் மந்தமாகிவிடும். டிசம்பரில் அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் விளக்கை மட்டும் எரியவிட்டு, சூடேற்றாத ஓவனுக்குள் மாவை வைப்பது அவற்றுக்குக் கதகதப்புத் தரத்தான். பாக்டீரியாவின் பெயரே தெரியாத காலத்திலும் நம் பாட்டிகள் அதன் குணமறிந்து நடந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒரே இரவில் கூட்டம் கூட்டமாகப் பெருகி ஒரு பொருளை இன்னொன்றாக்குகின்றன. தொல்காப்பியர் சொன்னதில் சிறுமை, ஆக்கம் இரண்டும் ஒரே பாத்திரத்தில்.

நன்றிக்கும் அளவு உண்டு

வியப்பு 'இது எப்படி நடக்கிறது?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால், 'இதற்கு எத்தனை பேர் உழைத்தார்கள்?' என்ற இடத்தில் முட்டி நிற்போம். நன்றி தொடங்குவது அங்கேதான். நியூயார்க் எழுத்தாளர் ஏ.ஜே. ஜேகப்ஸ் தன் காலைக் காபிக்குக் காரணமான எல்லாருக்கும் நன்றி சொல்லக் கிளம்பினார். கடைக்காரரில் தொடங்கி, கோப்பை மூடியை வடிவமைத்தவர், குடிநீரைக் காப்பவர்கள் என்று நீண்டு, கொலம்பியாவின் காபி விவசாயிகள் வரை போனது அந்தப் பயணம். 2018-இல் அது புத்தகமானது.

நன்றியுணர்வை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலோவும். 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், 10 வாரங்கள், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கை குறித்து நம்பிக்கையோடு இருந்தார்கள். உடல் உபாதைகளும் குறைவு என்றார்கள். ஆனால் பழக்கம் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோன்யா லூபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது; மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. கடமைக்கு எழுதும் நன்றிப் பட்டியலும் ரயில் இரைச்சலாகிவிடும்.

அதைத் தாண்ட ஒரு வழியை 2008-இல் மின்கியுங் கூ, டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் குழுவினர் சோதித்தார்கள். 'என் வாழ்க்கைத்துணையை எப்படிச் சந்தித்தேன்' என்று எழுதியவர்களைவிட, 'எப்படிச் சந்திக்காமலே போயிருப்பேன்' என்று எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு அதிகமாகத் தெரிந்தது. இருப்பதை எண்ணுவதைவிட, அது இல்லாமல் போயிருக்கக்கூடும் என்று எண்ணுவதே பழக்கத்தை உடைக்கிறது.

இதையெல்லாம் சர்வரோக நிவாரணியாக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வந்த அலசல், நன்றிப் பயிற்சிகளால் மனச்சோர்வும் பதற்றமும் குறைவது சொற்ப அளவிலேதான் என்கிறது. மனச்சோர்வுக்கு மருத்துவர் வேண்டும். கூலி குறைவுக்கு நியாயமான கூலி வேண்டும். 'இருப்பதற்கு நன்றியோடு இரு' என்று அடுத்தவருக்கு உபதேசிப்பது பல நேரம் அவர் வாயை அடைக்கும் வேலையாகிவிடும். நன்றி நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கணக்காக இருக்கட்டும்.

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் 'இது எப்படி நடக்கிறது?', 'இதற்கு எத்தனை பேர் உழைத்தார்கள்?' என்ற அந்த இரு கேள்விகளையும் கொண்டுபோகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் புதுமை குன்னூர் வருவதற்குள் தீர்ந்து, கைபேசி கைக்கு வந்துவிடும். அப்போது தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல் வைத்த இரும்பைப் பார்க்கலாம். 12 அடி நகர்ந்தால் ஏறத்தாழ ஓர் அடி ஏறும் செங்குத்தான சரிவில், வண்டியின் பற்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்வித்தான் மேலே போகிறது. குன்னூர் வரை இந்தப் பாதை 1899-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாறை உருளும்போதெல்லாம் அதைச் சீர்செய்கிறவர்கள் தண்டவாளப் பணியாளர்கள். ஜன்னலுக்கு வெளியே மண்வெட்டியோடு ஒதுங்கி நிற்கும் அவர்களைப் பெரும்பாலான பயணிகளின் படங்கள் வெட்டிவிடுகின்றன. ஊட்டிக்கு நம்மைக் கொண்டுபோவது நீராவியும் பற்சக்கரமும் மட்டும் இல்லை என்று தெரிந்தவர், அவர்களுக்குக் கையாவது அசைப்பார்.