பதினெட்டு வயதும் உயர்தர வகுப்பும்
புத்தளக் கரையோரத்துச் சிறுவர் இல்லப் பிள்ளைகளின் கல்வி பற்றிய ஓர் ஆய்வு

ஆதரவற்ற பிள்ளைக்கு உணவும் உறையுளும் அளித்தல் அறம் எனின், அப்பிள்ளையைத் தன் காலில் நிற்கும் வண்ணம் கற்பித்து விடுதல் அவ்வறத்தின் நிறைவாகும். இலங்கையின் சட்டங்கள் முதற் பகுதியை ஒருவாறு வகுத்துள்ளன. பிற்பகுதியோ அரைகுறையாகவே கிடக்கின்றது. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை எடுத்து நோக்கின் இஃது இனிது விளங்கும்.

சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் இக்கரையில் இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். கடலும் களப்பும் உப்பளமும் இறாற் பண்ணையும் தென்னந்தோட்டமுமே அவர்க்கு வாழ்வளிப்பன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேலைக் கடல் கொந்தளிப்பதால், மீனவர் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்தல் நெடுநாள் வழக்கு. உடன்செல்லும் பிள்ளை பாடசாலைத் தவணையை இழக்கும். பாட்டியிடம் விடப்படும் பிள்ளை கண்காணிப்பை இழக்கும். அண்மைத் தசாப்தங்களில் தாய்மார் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்வதும் இதனோடு சேர்ந்துகொண்டது. நாடெங்கும் சிறுவர் இல்லங்களில் வாழ்வோருட் பெரும்பாலோர்க்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் உளர். ஆதலின் ‘அநாதை’ என்னும் சொல் இவர்க்குப் பொருந்துவதன்று. வறுமையும் பிரிவுமே இவர்களை இல்லங்களிற் கொணர்ந்து சேர்த்தன.

இவர்களுக்கான சட்ட ஏற்பாடு புதியதன்று. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இலும், அநாதை இல்லங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1941இலும் இயற்றப்பட்டன. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் 1956இல் அமைந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் வந்தபின் இல்லங்களின் மேற்பார்வை மாகாணங்களைச் சார்ந்தது. புத்தளம் வடமேல் மாகாணத்துக்கு உட்பட்டது. கல்வித்துறையிலும் 1945இல் இலவசக் கல்வியும், 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடையும் வந்தன. எனவே சாதாரண தரம் வரை இல்லப் பிள்ளை ஏனைய பிள்ளைகளோடு ஒருவாறு ஒத்து நடக்க இயலும்.

இடர் அதன் பின்னரே தோன்றுகின்றது. பராமரிப்புப் பொதுவாகப் 18 வயதோடு முடிவுறும். ஐந்து வயது நிறைந்து முதலாந் தரத்திற் சேரும் பிள்ளை, ஒரு வகுப்பிலும் தங்காது கற்றாலும், உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் அமரும் நாளிற் 18 வயதைக் கடந்தே இருக்கும். வேறு பிள்ளைகளுக்கு அப்பிறந்தநாள் ஒரு பாயச நாள். இல்லப் பிள்ளைக்கோ அது படுக்கையும் மேசையும் விளக்கும் ஒருங்கே நீங்கும் நாள். பரீட்சைக்கு முந்திய மாதங்களிலேயே, படிப்புக்கு அமைதி மிக வேண்டிய வேளையிலேயே, இது நிகழ்கின்றது. சட்டத்தின் நாட்காட்டியும் கல்வியின் நாட்காட்டியும் ஒன்றையொன்று நோக்காமல் வரையப்பட்டமையே இதற்குக் காரணம். எவருடைய கொடுமையும் அன்று.

இக்கரையில் அவ்விடைவெளி இன்னும் ஆழமானது. 18 வயது இளைஞனைப் படகும் பண்ணையும் உடனே ஏற்றுக்கொள்ளும். அன்றாடக் கூலி கைக்கு வரும். அக்கூலியை விட்டுப் பௌதிகமும் கணக்கியலும் படி என்று அவனுக்குச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பெண்பிள்ளைக்கோ கூலியினும் காப்பே முதற் கவலையாகின்றது. உறவினர் வீட்டில் ஏவல் செய்து தங்குதல் அல்லது விரைந்து மணம் முடித்தல் என்னும் இரண்டே வழிகள் எதிர்நிற்கும்.

மொழியின் சிக்கலும் ஒன்றுண்டு. தமிழ் மொழிமூலம் கற்ற பிள்ளையைச் சிங்கள மொழிமூலப் பாடசாலைகள் சூழ்ந்த இல்லத்திற் சேர்ப்பின், அப்பிள்ளை தன் வயதுக்குரிய வகுப்பில் அமர்ந்தும் பாடத்துக்குப் புறத்தே நிற்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாக் குறையும் சிறிதன்று. அஃதில்லையேல் அடையாள அட்டை பெறுதல் அரிது. அடையாள அட்டை இல்லையேல் பரீட்சை மண்டப வாயிலிலேயே தடை எழும். இவ்வேலையை 15 வயதிலேயே முடித்து வைத்தல் இல்லத்தாரின் கடன்; பணச்செலவு மிகாத, ஆயினும் பெரிதும் மறக்கப்படும் கடன் இது.

இத்தகைய நிலையிற் கல்வியைக் காத்த அனுபவம் இக்கரைக்கு முன்னரே உண்டு. 1990 அக்தோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவருட் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டி முதலாய பகுதிகளில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். ஊர்ப் பிள்ளைகள் காலையிற் கற்ற கட்டடங்களில் அகதிப் பிள்ளைகள் பிற்பகலிற் கற்றனர். இடம்பெயர்ந்த ஆசிரியரே அவர்க்குக் கற்பித்தனர். வீடு போயிற்று, வகுப்புப் போகவில்லை. நெருக்கடியும் மனக்கசப்பும் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் ஒரு கட்டடம் இருமுறை பயன்பட்டமையால் ஒரு தலைமுறை எழுத்தறிவோடு நின்றது.

இல்லத்தையும் கல்வியையும் பிரியாது வைத்தமைக்குச் சென்னை மயிலாப்பூரில் 1905இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் சிறந்த சான்று. ஏழை மாணவர்க்கு உறைவிடமாக எழுந்த அது, காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியையும் தொழிற்கல்விக் கூடத்தையும் தன்னகத்தே கொண்டு, பிழைக்கும் தொழில் கைவரும் வரை பிள்ளையை வைத்துக்கொண்டது. ஈழத்திலே சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லமும் அங்குண்டு. புத்தளக் கரையினர்க்கு இம்முறை எட்டாத கனியன்று.

பிற நாடுகள் இதனைச் சட்டமாக்கியும் உள்ளன. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் 18 முதல் 21 வயது வரை பின்பராமரிப்புக்கு இடமளிக்கின்றது. இங்கிலாந்து 2017இல், பராமரிப்பை விட்டு நீங்கியோர் 25 வயது வரை ஆலோசகர் ஒருவரின் துணையை நாட வழி செய்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகளும் பின்பராமரிப்பை வற்புறுத்துகின்றன.

சட்டம் மாறும் வரை காத்திருத்தல் வேண்டா. உயர்தர மாணவனைப் பரீட்சை முடியும் வரை இல்லத்திலோ ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் விடுதியிலோ தங்கவைத்தலே முதற்பணி. இதில் இன்னுமொரு நுட்பம் கவனித்தற்குரியது. பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்டம், பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளிற் கற்ற பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. கல்வியிற் பின்தங்கியனவாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுட் புத்தளமும் ஒன்று. பதினாறு வயதிலே கொழும்பு உறவினரிடம் அனுப்பப்படும் பிள்ளை, பழகிய ஆசிரியரோடு இந்த மாவட்டச் சலுகையையும் இழக்கக்கூடும். அப்பிள்ளையைப் பஸ் ஏற்றிவிடுவோருள் இதனை அறிந்தோர் மிகச் சிலரே.