ஹேக் வரை போகாத வழக்கு

செம்மநத்தத்தில் ஒரு குற்றம் நடந்தால் ஏற்காடு காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். பிறகு சேலம் நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம், கடைசியாக டெல்லி உச்ச நீதிமன்றம். அதோடு சரி. ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை. இலங்கையும்தான்.

முள்ளிவாய்க்கால் என்றதும் 'ஹேக்கில் நிறுத்து' என்ற முழக்கம் இங்கே எழும். 2009இல் அங்கே முடிந்த இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு. ஆனால் குற்றம் நடந்த நாடோ, குற்றம் சாட்டப்பட்டவரின் நாடோ உறுப்பினராக இருந்தால்தான் ஹேக் வழக்கெடுக்க முடியும். இல்லையென்றால் அந்த நாடே சம்மதிக்க வேண்டும், அல்லது ஐ.நா. பாதுகாப்பு அவை அனுப்ப வேண்டும். 2005இல் டார்ஃபூரும் 2011இல் லிபியாவும் அப்படித்தான் அங்கே போயின.

இந்தக் கடைசி வழியைத்தான் டெல்லி ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கிறது. 1998 ஜூலையில் ரோமில் 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன. ஒதுங்கி நின்ற 21இல் இந்தியாவும் ஒன்று. உடன்படிக்கையில் சேராத வல்லரசு, பாதுகாப்பு அவையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் மீது வழக்கை ஏவலாமா என்று கேட்டது. நியாயமான கேள்விதான். அணு ஆயுதப் பயன்பாட்டைக் குற்றப் பட்டியலில் சேர்க்கவில்லை என்றும் குறைப்பட்டது. போக்ரானில் அதுவே அணுகுண்டு வெடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது! உள்நாட்டு மோதல்களும் வரம்புக்குள் வருவது அதற்குப் பிடிக்கவில்லை. காஷ்மீர் மனதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கொழும்பின் பதில், 'எங்கள் நீதிமன்றமே போதும்'. வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைக்கு 2015 அக்டோபரில் ஜெனீவாவின் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் ஒப்புக்கொண்ட இலங்கை, 2020 பிப்ரவரியில் விலகியது. அப்போது அதிபர், போர்க்காலப் பாதுகாப்புச் செயலர் கோத்தபய ராஜபக்ச. அடுத்த மாதமே ஒரு பொதுமன்னிப்பு. மிருசுவிலில் 2000 டிசம்பரில் குழந்தைகள் உட்பட 8 தமிழர்களைக் கொன்ற வழக்கில் ராணுவ சார்ஜண்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. உள்நாட்டு நீதி அபூர்வமாகக் கொடுத்த தண்டனை அது. கோத்தபயவின் கையெழுத்தில் அவர் வெளியே வந்துவிட்டார்.

சர்வதேச விசாரணை கோரி 2015 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2021 மார்ச்சில் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஜெனீவா பேரவை முடிவெடுத்தபோது இந்தியா வாக்களிக்கவில்லை. அந்த ஆதாரங்கள், எங்கு நடந்த போர்க்குற்றத்தையும் விசாரிக்கத் தம் சட்டத்தில் இடம் வைத்திருக்கும் நாடுகளுக்குப் பயன்படும். சந்தேக நபர் பெரும்பாலும் அங்கே கால் வைத்தாக வேண்டும்.