மாதிரி ஏவூர்தியில் வான்குடை மீட்பு

மாதிரி ஏவூர்தி (ராக்கெட்) என்பது அட்டைக்குழல், பால்சா மரம், நெகிழி போன்ற எடை குறைந்த பொருட்களால் செய்யப்படும் சிறு ஏவூர்தி ஆகும். தொழிற்சாலையில் தயாரான திண்ம எரிபொருள் மோட்டார் இதை உந்துகிறது. இப்பொழுதுபோக்கு 1950களில் அமெரிக்காவில் தோன்றியது. மேலே சென்ற ஏவூர்தியைச் சேதமின்றித் தரையிறக்குவது மீட்பு எனப்படும். இதற்குப் பெரும்பாலும் வான்குடை (பாராசூட்) பயன்படுகிறது. வான்குடை விரியாவிட்டால் ஏவூர்தி அம்பு போலத் தலைகீழாகப் பாய்ந்து, கீழே நிற்போரைக் காயப்படுத்தக்கூடும். அது சரியாக விரிவது பெரும்பாலும் ஏவுவதற்கு முன் செய்யும் ஆயத்தத்தைப் பொறுத்தது.

செயல்படும் முறை

மோட்டாரில் உந்துபொருள், தாமதக் கலவை, வெளித்தள்ளும் மருந்து ஆகியவை அடுத்தடுத்து எரிகின்றன. தாமதக் கலவை எரியும் நேரத்தில் ஏவூர்தி தன் வேகத்தாலேயே உச்சியை அடைகிறது. பின்னர் வெளித்தள்ளும் மருந்து எரிந்து உண்டாகும் வாயு, மூக்குக்கூம்பையும் வான்குடையையும் வெளியே தள்ளுகிறது.

தவறுகளும் தீர்வுகளும்

* தாமதம்: 'சி6-5' என்ற மோட்டாரில் கடைசி எண் தாமதம் 5 நொடி என்பதைக் குறிக்கும். உச்சிக்கு மிக முன்போ பின்போ வான்குடை வெளிவந்தால், வேகத்தில் அது கிழியலாம். எடை கூடிய ஏவூர்தி விரைவில் உச்சியை அடைவதால் அதற்குக் குறைந்த தாமதம் தேவை.
* வெப்பம்: சூடான வாயு நெகிழி வான்குடையை உருக்கிவிடும். மோட்டாருக்கும் வான்குடைக்கும் இடையில் தீப்பிடிக்காத காப்புத்தாளைத் தளர்வாக வைக்க வேண்டும்.
* ஒட்டுதல்: பல நாட்கள் மடித்து வைத்த நெகிழித்தாள், குறிப்பாகக் குளிரில், விரியாமல் போகும். முகப்பவுடர் தூவி, ஏவுவதற்குச் சற்று முன் மடிப்பது நல்லது.
* மூக்குக்கூம்பு: தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழக்கூடாது, மெல்ல இழுத்தால் வர வேண்டும். தளர்வாக இருந்தால் காகித ஒட்டுநாடா சுற்றலாம்; இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம்.
* இணைப்புக் கயிறு: கூம்பையும் உடலையும் இணைக்கும் ரப்பர் கயிறு வெப்பத்தால் நலியும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும்.

அளவு

100 கிராம் ஏவூர்தி நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் இறங்க, சுமார் 33 செ.மீ. விட்டமுள்ள வான்குடை போதும். வேகத்தைப் பாதியாக்க விட்டம் இருமடங்காக வேண்டும். ஆனால் மெதுவாக இறங்கும் ஏவூர்தியைக் காற்று வெகுதூரம் அடித்துச் செல்லும். எனவே, காற்று வீசும் நாளில் சிறிய வான்குடையே ஏற்றது.

பாதுகாப்பு

அமெரிக்காவின் தேசிய ஏவூர்தியியல் சங்கத்தின் பாதுகாப்பு விதிகள், மீட்பு அமைப்பையும் தீப்பிடிக்காத காப்புத்தாளையும் கட்டாயமாக்குகின்றன. மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ சிக்கிய ஏவூர்தியை எடுக்க முயல்வதையும் அவை தடுக்கின்றன.