கடல் மீன் தொட்டியில் மருந்திடும் முறை

நமது சங்க அங்கத்தினர்களுள் சிலர் தறியோடும் வயலோடும் வண்ண மீன் வளர்ப்பையும் துணைத்தொழிலாக மேற்கொண்டிருக்கின்றனர். அவர்களிலும் ஒருசிலர் நன்னீர் மீன்களோடு நில்லாது, உப்புநீர்த் தொட்டியில் பாறையும் மணலும் இட்டு, கடற்சாமந்தி, இறால், மென்பவளம் ஆகியவற்றின் நடுவே கோமாளி மீன் முதலியவற்றை வளர்க்கத் துணிந்துள்ளனர். இத்தொட்டியைப் பற்றி அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. மீனின் உடலில் வெண்புள்ளிகள் தோன்றிவிட்டால் அத்தொட்டியிலேயே மருந்தை ஊற்றலாமா என்பதே அது. ஊற்றலாகாது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், செய்யவேண்டியது யாதென்பதும் தானே விளங்கும்.

கடல் மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ‘கிரிப்டோகாரியான்’ என்னும் ஓரணு ஒட்டுண்ணி. 1951-ஆம் ஆண்டில் பிரவுன் என்ற ஆய்வாளர் இதற்குப் பெயரிட்டார். நன்னீர் மீனுக்கு வரும் வெண்புள்ளி வேறு, இது வேறு. ஆதலின் நன்னீர் மீனுக்கு வாங்கிய மருந்தை இதற்கும் இடலாம் என்று கருதுதல் பிழை. இவ்வொட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து 3 முதல் 7 நாட்கள் வரை உண்டு வளர்கிறது. பின்பு மீனை விட்டு நீங்கி, பாறையிலோ மணலிலோ படிந்து, தன்னைச் சுற்றி உறையொன்றை அமைத்துக்கொண்டு பலவாகப் பிரிகிறது. ஓர் உறையிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிப்படலாம். அவை நீரில் நீந்தி மீனைத் தேடும். ஓரிரு நாட்களுக்குள் மீன் அகப்படாவிடில் மடிந்துபோகும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதனைத் தீண்டுவதில்லை. நீந்தும் பருவத்தில் மட்டுமே கொல்லலாம். மற்றொன்று, புள்ளிகள் மறைந்தமையால் நோய் நீங்கிற்று என்று மகிழ்தல் ஏமாற்றமாகும். அவை அடியில் உறங்குகின்றன. அடுத்த முறை பத்து மடங்காகத் திரும்பும்.

தொன்றுதொட்டு இந்நோய்க்கு இடப்படும் மருந்து தாமிரம். வெற்றிலைக்கும் திராட்சைக்கும் போர்டோ கலவை தெளிக்கும் விவசாயி மயில்துத்தத்தை நன்கறிவார். அதிலுள்ள தாமிரமே இதுவும். மீன் தாங்கக்கூடிய அளவு தாமிரமே இறாலுக்கும் நத்தைக்கும் கடற்சாமந்திக்கும் பவளத்திற்கும் நஞ்சு. அன்றியும் தொட்டியிலுள்ள பாறையும் மணலும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தவையாதலால் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. எவ்வளவு இட்டோம், எவ்வளவு நீரில் நின்றது என்பது எவருக்கும் தெரியாமற் போகும். சென்ற ஆண்டு தணிக்கைக்காகச் சென்ற ஓரூரில், கடைக்காரர் கொடுத்த நீலநிறத் திரவத்தை நம்பி ஊற்றிய அங்கத்தினர் ஒருவரின் தொட்டியைக் கண்டேன். இரவுக்குள் இறால்கள் அனைத்தும் மாண்டன. அவை அழுகி நீர் கெட்டதால், காப்பாற்ற நினைத்த மீன்களும் மூன்றாம் நாள் மாண்டன. கடன் தவணை மட்டும் மாளவில்லை. ‘பவளத்திற்குத் தீங்கற்றது’ என்று சீட்டொட்டி விற்கும் புட்டிகளைப் பற்றியும் ஒரு சொல்: இறாலைத் தீண்டாத மருந்து பெரும்பாலும் ஒட்டுண்ணியையும் தீண்டுவதில்லை என்பதே என் கருத்து.

ஆகவே, மருந்து வேண்டும் மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுவதே முறை. அத்தொட்டியில் மணலோ பாறையோ கூடாது. மீன் ஒதுங்குவதற்கு இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், காற்றுக் குமிழி, பஞ்சு வடிப்பான் ஆகியவை போதும். கரி வடிப்பான் இருப்பின் எடுத்துவிடுக. அது மருந்தை உறிஞ்சிவிடும்.

அடுத்தது அளவு. நூலின் எடையை நிறுத்துச் சாயம் கலக்கும் நெசவாளருக்கு இது புதிதன்று. தொட்டியின் நீளம் 60, அகலம் 40, நீரின் உயரம் 35 சென்டிமீட்டர் என்க. இவற்றைப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 84 லிட்டர். தொட்டியின் உயரத்தை அன்று, நீரின் உயரத்தையே கொள்ளவேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தாமிரம் என்றால் 84 லிட்டருக்கு 16.8 மில்லிகிராம். மயில்துத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கே தாமிரமாதலால் 66 மில்லிகிராம் மயில்துத்தம் தேவைப்படும். இதனை வீட்டுத் தராசில் நிறுக்க இயலாது என்பதைக் கணக்கே காட்டுகிறது. வயலுக்கு வாங்கிய துத்தத்தைப் பயன்படுத்துவதும் தவறு. அதில் கலந்துள்ள பிற உலோகங்களை நாம் அறியோம். மீனுக்கென அளவிட்டுத் தயாரித்த கரைசலையே வாங்குக.

கரைசலை ஒரே நாளில் முழுவதும் இடாமல் இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக ஏற்றுக. லிட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஒட்டுண்ணி பிழைக்கும், 0.2-க்கு மேலே ஏறினால் மீனுக்கு வருத்தம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்று வாரம் நிறுத்தவேண்டுமாகையால், தாமிர அளவுச் சோதனைப் பெட்டி இன்றி இம்முறையில் இறங்கவே கூடாது. நாளுக்கு இருமுறை சோதிக்கவும். வேறு பொருளோடு பிணைத்து விற்கப்படும் தாமிர மருந்துகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றின் அளவு பன்மடங்கு கூடுதல். புட்டியில் கண்ட அளவையும் அதற்கு ஏற்ற சோதனைப் பெட்டியையும் கொள்க. தனித்தொட்டியில் அம்மோனியா விரைவில் கூடும். அதனை நீர் மாற்றியே குறைக்கவேண்டும். அம்மோனியாவை முறிக்கும் திரவங்களை ஊற்றினால் அவற்றுட் சில தாமிரத்தை மேலும் நச்சாக்கிவிடும். மாற்றும் நீரிலும் அதே அளவு தாமிரத்தை முன்னரே கலந்துகொள்க.

சோதனைப் பெட்டி வாங்க இயலாதவர்க்கு மருந்தே இல்லாத வழி ஒன்றுண்டு. எனக்கு இதில் மதிப்பு அதிகம். இரண்டு சிறு தொட்டிகள் வேண்டும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியையும் குழாய் முதலியவற்றையும் கழுவி முற்றிலும் உலர்த்துக. மீனை விட்டு விழுந்த ஒட்டுண்ணி, உறை திறந்து வெளிவருமுன் உலர்ந்து மடியும். இவ்வாறு நான்கு முறை மாற்றினால் 12 நாட்களில் வெண்புள்ளி நீங்கும். இரு தொட்டிகளிலும் நீரின் வெப்பமும் உப்பும் ஒத்திருத்தல் அவசியம். ஆனால் பொன்தூள் தூவியது போன்ற மெல்லிய படலத்துடன் மீன் மூச்சுத் திணறினால், அது வெல்வெட் நோய். அதற்கு இம்மாற்றுமுறை போதாது, தாமிரமே வேண்டும். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தோலிலும் செவுளிலும் பற்றும் தட்டைப்புழுவுக்கோ தாமிரம் உதவாது. வெப்பமும் காரத்தன்மையும் சமன்செய்த, குளோரின் நீக்கிய நன்னீரில் 5 நிமிடம் மூழ்க வைத்தால் புழுக்கள் பல உதிரும். மீன் தத்தளித்துச் சாயுமானால் உடனே எடுத்துவிடுக. லிட்டருக்கு 2 மில்லிகிராம் பிராசிகுவான்டல் இடுவதும் உண்டு. அப்போது காற்றுக் குமிழியைப் பெருக்கவேண்டும்.

மீன்களை எல்லாம் வெளியேற்றிய பின், பெரிய தொட்டியை மீனின்றி வைத்தால்தான் அங்கே தங்கிய உறைகள் திறந்து, குஞ்சுகள் பட்டினியால் மடியும். உறை திறக்க 72 நாள் வரை ஆனதும் ஆய்வில் கண்டதாகையால், 76 நாள் காத்திருப்பது வழக்கமாயிற்று. இறாலும் பவளமும் அங்கேயே இருக்கலாம். அவற்றை இந்நோய் பற்றாது. நோயுற்ற மீனை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவைப்போர் 76 நாளையும் வீணாக்குகின்றனர்.

இடையே ஒன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடினப் பவளங்கள் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாரேனும் பவளத்துண்டு கொணர்ந்து விற்க முன்வந்தால், வாங்குபவரும் குற்றவாளியே. மீனைப் பொறுத்தவரை, தொட்டியிலேயே பொரித்த கோமாளி மீன்கள் கிடைக்கின்றன. மண்டபத்திலுள்ள மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் அவற்றின் இனப்பெருக்கத்தில் வெற்றி கண்டுள்ளது. எங்கு வாங்கிய மீனாயினும், பெரிய தொட்டியில் விடுமுன் ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். கடன் மனுவில் பெரிய தொட்டிக்கு மட்டும் மதிப்பீடு எழுதுவோர், தனித்தொட்டிக்கும் சோதனைப் பெட்டிக்கும் தொகை சேர்த்து எழுதுவாராக. சேர்க்காத மனுவைத் திருப்பி அனுப்பச் சங்கச் செயலாளர்கள் தயங்க வேண்டியதில்லை.

தாமிரம் பட்ட தொட்டி, வலை, வாளி, குழாய் ஆகியவற்றின்மேல் சிவப்பு வண்ணத்தில் குறியிட்டுத் தனியே வைக்கவும். அவற்றை எவ்வளவு கழுவினாலும் இறாலுக்கோ பவளத்திற்கோ மீண்டும் பயன்படுத்தலாகாது.