ஊசி அச்சம்

அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறினார். மருந்தூசி அப்பட்டியலில் இல்லை, இருத்தற்கும் இடமில்லை. பிரான்சு நாட்டுப் பிராவாசும் ஸ்காத்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் உட்டும் தனித்தனியே அதனை ஆக்கிப் பயன்படுத்தியது 1853ஆம் ஆண்டிலேயாம்.

ஊசி அச்சத்திற்குத் தக்க காரணம் இருந்த இடமொன்று நம் அண்மையிலேயே உண்டு. சுங்கை பூலோவில் மருத்துவர் திராவர்சு அவர்களின் முயற்சியால் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்புத் திறக்கப்பெற்றது. அந்நாளில் இந்நோய்க்குக் கைகண்ட மருந்தெனக் கருதப்பட்டது நீரடிமுத்து இனத்து விதைகளினின்று எடுக்கும் எண்ணெய். நம் சித்த மருத்துவர் நெடுங்காலமாக அறிந்திருந்த விதையே அது. வாய்வழி உண்டால் குமட்டும். ஆதலின் ஊசிவழி செலுத்தினர். எண்ணெயோ கெட்டியானது; ஊசியும் பருமனானது. போட்ட இடம் வீங்கும், சில வேளை சீழும் கட்டும். இவ்வாறு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊசி ஏற்றுக்கொண்டோரின் நடுக்கத்தைக் கோழைத்தனம் என்பார் யார்? அவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்னும் இளம் வேதியியலார், 1916இல் இருபத்து நான்காம் வயதில் மறையுமுன், அவ்வெண்ணெயை உடல் எளிதில் ஏற்கும் வடிவிற்கு மாற்றும் வழி கண்டார். பின்னர் அமெரிக்கக் கார்வில்லில் 1941இல் சல்போன் மருந்து வந்தது. செங்கற்பட்டில் மருத்துவர் காக்ரேன் 1946இல் டாப்சோனை ஊசியாகவே தந்தார். அது மாத்திரையான பிறகே நோயாளர் பெருமூச்சு விட்டனர்.

இனி இக்காலத்து நிலையை நோக்குவோம். மகப்பேறு வேண்டிச் சிகிச்சை பெறும் பெண், கருமுட்டை வளர்ச்சிக்கான இயக்குநீர் மருந்தைப் பெரும்பாலும் பத்து நாள் அளவிற்குத் தன் வயிற்றில் தானே செலுத்திக்கொள்கிறாள். இவ்வகை மருந்து தொடக்கத்தில், இத்தாலியில் தொனீனி கண்ட முறைப்படி, மாதவிடாய் நின்ற கன்னித்துறவியரின் சிறுநீரினின்று பிரிக்கப்பட்டது. லூனன்பெல்டு 1962இல் தெல் அவீவில் இதனால் வெற்றி கண்டார். அது தசையுள் இடும் ஊசியாதலின் பிறர் கையே இட்டது. இன்றையது தோலடியில் இடுவது. ஊசியும் மிக மெல்லியது. வலி குறைந்தது, ஆனால் குத்தும் கை தன் கையாயிற்று. அக்கையே நடுவில் நின்றுவிடுகிறது. ஒரு வேளை தவறினால் அம்மாதத்துச் சிகிச்சையே பழுதுபடலாம். “இதற்குப் போய் அஞ்சுவதா” என்னும் வீட்டார் சொல் வேறு. குழந்தையில்லை என்ற ஏச்சைக் கேட்டுச் சலித்தவளுக்கு இஃது இரட்டைச் சுமை.

ஈண்டு ஆசிரியர்கள் சிறப்பாக அறியவேண்டுவது ஒன்று. பிற அச்சங்களில் நாடி விரைந்து இரத்த அழுத்தம் உயரும். ஊசி, இரத்தம் பற்றிய அச்சத்திலோ பலர்க்கு அது முதலில் உயர்ந்து, பின் திடீரெனத் தாழும், மயக்கம் வரும். பள்ளியில் தடுப்பூசி நாளன்று மாணவர் சாய்வதும் இதனாலேயே. மனவலிமையின்மை அன்று, உடற்செயல். மயங்குவோரை நோக்கி “உடலைத் தளர விடு” என்பது நல்லெண்ணத்தாற் கூறும் பிழையான அறிவுரை. சுவீடன் உளவியலார் ஓஸ்ட் 1980களில் இதற்கு மாறான முறையை வகுத்தார்: கை, கால், உடற்றசைகளை முகம் வெப்பமுறும்வரை பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, இருபது முப்பது நொடி இயல்பு நிலைக்கு விட்டு, ஐந்து முறை செய்தல். தாழும் அழுத்தம் இதனால் உயரும். ஊசி இடும் பகுதியை மட்டும் இறுக்காதிருத்தல் வேண்டும். மயங்காமல் படபடப்பு மட்டும் உடையோர்க்கு நெடிய மூச்சு உதவும்.

எஞ்சியவை சிறு செய்திகள். முதல் ஊசியைத் தாதியின் கண்முன் இடுதல் நன்று. குளிர்ப்பெட்டி மருந்தை, தாதி தடுக்காவிடில், சற்றே அறை வெப்பத்திற்கு வரவிடலாம். துடைத்த சாராய நீர் உலர்ந்த பின்னரே குத்துக, உலராவிடில் எரியும். சாய்ந்தமர்ந்து, தொப்புளினின்று இரண்டங்குலம் விலகித் தோலை மெல்லப் பிடித்து, ஊசியை விரைவாகவும் மருந்தை மெதுவாகவும் செலுத்துக. இடத்தை நாள்தோறும் மாற்றுக. “ஒன்று, இரண்டு” என எண்ணிக்கொண்டே தயங்குவது அச்சத்தை வளர்க்கும். கணவரோ தமக்கையோ கற்றுக்கொண்டு இடுவதிலும் குறையில்லை. வேளை தவறினால் மறைக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவித்தல் வேண்டும். பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான புட்டியில் இட்டு அங்கேயே ஒப்படைக்கலாம்.