இரண்டு வினாடிப் பார்வை

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் எவ்வளவு தொலைவு கடக்கும்? 80,000 மீட்டரை 3,600 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 22 மீட்டர் என்று விடை வரும். ஓட்டுபவர் பாட்டை மாற்றுவதற்காகத் தொடுதிரையை இரண்டே வினாடி பார்க்கிறார் என்று கொள்வோம். அதற்குள் கார் 44 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தொலைவும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

இரண்டு வினாடி வேண்டாம், அரை வினாடி என்றே வைத்துக்கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக்கை முழுவதும் அழுத்தினால், காரின் வேகம் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 7 மீட்டர் வீதம் குறையும். இக்கணக்குப்படி, பிரேக் பிடித்தபின் 35 மீட்டர் ஓடிக் கார் நிற்கும். குறுக்கே ஒரு மாடு வருகிறது. கவனமாக ஓட்டுபவர் மாட்டுக்கு நூலிழை முன்னே நிறுத்திவிடுகிறார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அரை வினாடி தாமதமாகப் பிரேக்கை அழுத்துகிறார். அவருக்கு 11 மீட்டர் போதாமற்போகிறது. அப்படியானால் அவர் கார் மெல்ல இடித்து நின்றிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

இல்லை. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்! இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிரேக்கோ ஒவ்வொரு மீட்டரிலும் ஒரே அளவு ஆற்றலைத்தான் எடுக்கிறது. ஆகவே முதல் 24 மீட்டரில் வேகம் 80இலிருந்து 45 வரைதான் இறங்குகிறது. மிச்சமுள்ள 45ஐயும் கடைசி 11 மீட்டர்தான் விழுங்க வேண்டும். அந்தப் 11 மீட்டரைத்தான் அவர் திரைக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கணக்கு எல்லா வயதினருக்கும் பொது. ஆனால் இளைஞர்களுக்கு ஆபத்து கூடுதல். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புதிதாக உரிமம் பெற்ற 42 பேரின் கார்களில் காமிராக்களையும் உணர்கருவிகளையும் பொருத்தி 18 மாதங்கள் கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 16க்குச் சற்றே அதிகம். (அங்கு அந்த வயதிலேயே உரிமம் கிடைத்துவிடுகிறது!) ஆய்வு முடிவு 2014இல் வெளியாயிற்று. ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் எண்களை அழுத்தியபோது, விபத்தோ மயிரிழையில் தப்பிய நிலையோ நேரும் வாய்ப்பு இவர்களிடம் சுமார் எட்டு மடங்காயிற்று. அனுபவமுள்ள பெரியவர்களிடம் இது இரண்டரை மடங்குதான். மாதங்கள் செல்லச் செல்ல இளைஞர்களின் இத்தகைய கவனச்சிதறல் குறையவில்லை, கூடியது.

சைக்கிள் பழகும் சிறுவனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் சொல்வதற்குள் தடுமாறுவான். பழகியவனோ பேசிக்கொண்டே மிதிப்பான். கார் ஓட்டுவதும் இப்படித்தான்.

பழைய கார் வானொலியில் திருகும் குமிழ் இருந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரல் அதைத் தேடிப் பிடிக்கும். வழவழப்பான கண்ணாடித் திரை விரலுக்கு எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் கண் வந்து பார்த்தாக வேண்டும். எந்த முன்னேற்றமும் எல்லா வகையிலும் முன்னேற்றமாகிவிடுவதில்லை! அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, காரிலுள்ள சாதனத்தை ஒரு தடவை பார்ப்பது 2 வினாடிக்கும், ஒரு வேலைக்காகப் பார்ப்பது மொத்தம் 12 வினாடிக்கும் மேற்படக் கூடாது. இது பரிந்துரையே தவிரச் சட்டமன்று.

அப்படியானால் வாயால் கட்டளையிட்டால் போதுமே என்பீர்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2015இல் இதையும் சோதித்தனர். சில கார்களில் குரல் கட்டளை கொடுத்து முடித்தபின்னும், ஓட்டுபவரின் கவனம் முழுமையாகத் திரும்ப 27 வினாடிகள் வரை ஆயிற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற மெதுவான வேகத்திலும் அதற்குள் கார் 300 மீட்டர் போய்விடும், கண்கள் சாலையின் மேலேயே இருந்தாலும்.