தரநிலை பொது, காப்புரிமை யாருடையது?

ஒரே வகை இணைய இணைப்புக்கு எந்த நிறுவனத்தின் மோடத்தை வாங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. இந்த வசதி தானாக வந்ததன்று. வீடுகளுக்கு அகலக்கற்றை இணையம் வரத் தொடங்கிய 1990-களின் அமெரிக்கா அதற்குச் சான்று.

தொலைபேசிச் செம்புக் கம்பி வழியே அதிவேக இணையம் தரும் ஏடிஎஸ்எல் தொழில்நுட்பத்தில் அன்று இரண்டு முறைகள் போட்டியிட்டன. 'கேப்' முறை ஒரே ஊர்தி அலையில் தரவை ஏற்றியது. 'டிஎம்டி' முறை கம்பியின் அலைவரிசையை ஏறத்தாழ 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 சிறு தடங்களாகப் பிரித்து, இரைச்சல் குறைந்த தடத்தில் அதிகத் தரவையும் மிகுந்த தடத்தில் குறைவாகவும் அனுப்பியது. ஒரு முறைக்கான மோடம் மற்றொரு முறையில் இயங்கும் தொலைபேசி இணைப்பகத்தோடு பேசாது. நிறுவனத்தை மாற்றினால் மோடம் வீணாகலாம்.

1993-இல் அமெரிக்கத் தரநிலைக் குழு டிஎம்டி முறையைத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் கேப் கருவிகள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. 1999-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் டிஎம்டி அடிப்படையிலான தரநிலையை ஏற்றபின் குழப்பம் தணிந்தது.

ஆனால், தரநிலை ஆவணத்தை யாரும் படிக்கலாம் என்பதால், அதன்படி மோடம் செய்யும் உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிடாது. டிஎம்டி தொடர்பான முக்கியக் காப்புரிமைகள், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சியோஃபி நிறுவிய அமாட்டி நிறுவனத்திடம் இருந்தன. 1997-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்நிறுவனத்தைச் சுமார் 39.5 கோடி டாலருக்கு வாங்கியது.

காப்புரிமையாளர் தம் உரிமத்தை இலவசமாகவோ, நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளிலோ தர வேண்டும். மறுத்தால் அத்தொழில்நுட்பத்துக்குத் தரநிலையில் இடமில்லை என்பது ஒன்றியத்தின் கொள்கை. 'நியாயமான' தொகை எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை, பேரத்துக்கே விட்டுவிடுகிறது. தம்மிடமும் காப்புரிமைகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் அவற்றைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். சிறிய தயாரிப்பாளர் பணமாகவே தர வேண்டும். இங்கேதான் சமநிலை குலைகிறது என்பது என் கருத்து.

கேபிள் நிறுவனங்கள் வேறு வழி கண்டன. அவை 1997-இல் வெளியிட்ட 'டாக்சிஸ்' தரநிலையின் காப்புரிமைத் தொகுப்பில் சேர்ந்தவர்கள், அதற்குத் தேவையான தம் காப்புரிமைகளை உரிமத்தொகையின்றி ஒருவருக்கொருவர் வழங்க ஒப்புக்கொண்டனர். 1999-இல் சான்றிதழ் பெற்ற மோடங்கள் வரத் தொடங்கின. இது தாராள மனத்தால் நடந்ததன்று. மோடங்களை வாங்குபவர்கள் கேபிள் நிறுவனங்களே. தயாரிப்பாளர்கள் பலர் போட்டியிட்டால்தான் விலை குறையும் என்பதை அவை அறிந்திருந்தன. தொகுப்பில் சேராதவர்களை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்ற குறை இருந்தாலும், பெரும் தடையொன்று தொடக்கத்திலேயே நீங்கியது.

ஆகவே, எந்தப் புதிய தரநிலை வந்தாலும் 'எல்லாக் கருவிகளும் ஒத்து இயங்குமா?' என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அதனுள் யாருடைய காப்புரிமைகள் உள்ளன, அவற்றுக்கு என்ன விலை என்பதையும் வாக்கெடுப்புக்கு முன்பே கேட்க வேண்டும். தரநிலை உறுதியாகிக் கருவிகள் வீடுகளுக்குள் வந்துவிட்டால் மாற்றுவழி இராது. காப்புரிமையாளர் கேட்கும் தொகை, இறுதியில் நாம் கொடுக்கும் விலையில்தான் சேரும்.